ராஜா வெட்டிய பதினொரு நாள்

போதகர் வாசித்து முடித்ததும் தேவாலயத்துக்குள் யாரும் இருமக்கூட இல்லை. பிப்ரவரி மாதம் பிறந்து முதல் ஞாயிறு. வெளியே வாயைத் திறந்தால் மூச்சு மீசையிலேயே உறைகிற குளிர். உள்ளே ஈரக் கம்பளி வாடையும் ஆட்டுக்கொழுப்பு வாடையும் கலந்து நின்றன. அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து காது கேளாத கிழவர் ஒருவர், "என்ன சொல்றாரு? வரியை ஏத்திட்டாங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

வரியாக இருந்தால் பரவாயில்லை. நார்வேயின் தெலெமார்க் மலைச்சனத்துக்கு வரி பழகிப்போன நோவு. இது வேறு. டென்மார்க்கையும் நார்வேயையும் ஆளுகிற ராஜா கோபன்ஹேகனிலிருந்து ஆணை போட்டிருக்கிறார்: இந்த ஆயிரத்து எழுநூறாம் வருஷத்தில், பிப்ரவரி பதினெட்டாம் தேதி ராத்திரி படுத்துத் தூங்குகிற சனம் மறுநாள் மார்ச் ஒன்றாம் தேதி எழுந்திருக்கும். நடுவில் உள்ள பதினொரு நாளும் கிடையாது. டென்மார்க்கிலும் கிடையாது, நார்வேயிலும் கிடையாது.

முற்றத்துக்கு வந்த பிறகுதான் வாய்கள் திறந்தன.

"எங்க செவலை மார்ச் கடைசியில கன்னு போடணும். அதுகிட்ட யாரு போய் ராஜா ஆணையை வாசிக்கறது?"

"எனக்கு மாசம் முழுக்கச் சோறு போடறதாப் பேச்சு. பதினொரு நாள் பட்டினி போட்டுருவாங்களா?" என்றான் ஒரு பண்ணையாள்.

"சாப்பிட நாளே இல்லாதப்ப உனக்கு எதுக்குடா சோறு?"

"அதெல்லாம் கிடக்கட்டும். என் மாமியார் பதினொரு நாள் முன்னாடியே போய்ச் சேருவாளா, இல்ல பதினொரு நாள் கூட இருந்து என் உசுரை வாங்குவாளா? அதை முதல்ல சொல்லுங்க," என்றாள் மார்கித்.

அதற்குத்தான் கூட்டம் சிரித்தது. சிரித்த வேகத்தில் அடங்கியும் போனது. பிப்ரவரி இருபத்தைந்தில் பிள்ளை பெற்றிருந்த ஒருத்தி, இந்த வருஷம் என் மகனுக்கு வயசே ஏறாதா என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.  கடவுள் கொடுத்ததை ஒரு மனுஷன் பேனாவால் வெட்டுகிறான், வானம் இடிந்து விழாமல் அப்படியே நிற்கிறது. அதுதான் அவர்களை அதிகமாகப் பயமுறுத்தியது.

கூட்டத்தின் ஓரத்தில் ஓஸ்னெ நின்றிருந்தாள். பெர்கே பண்ணைக்காரி. நல்ல உயரம், தோள் அகலம். கல்யாணமாகி மூன்று வருஷம், தொட்டில் இன்னும் பரணில்தான் கிடக்கிறது. சரிவின் உச்சியில் கடைசி வீடு அவர்களுடையது; அதற்கு மேல் காடு, காட்டுக்கு மேல் மொட்டை மலை. புருஷன் தார்யே அன்று கோயிலுக்கு வரவில்லை. மலைமேல் புல்கிடங்கின் வாசலை மூடியிருந்த பனியை வெட்டிக்கொண்டிருந்தான்.

பாதி வழிவரை மார்கித் கூட வந்தாள். கிளைப் பாதையில் பிரியும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "பாவம்டி உன் ஆளு. மார்ச் ஒண்ணாந்தேதி கேப்டன் வாசல்ல போய் நிக்கணும்ல? இப்ப பதினொரு நாள் முந்திக்கிட்டு வந்துருச்சு பாரு. மறக்காம சொல்லிடு."

"சொல்லிடறேன்," என்றாள் ஓஸ்னெ. கால் அப்படியே நின்றுவிட்டது.

தார்யே ராஜாவின் சிப்பாய். ஊருக்கு இத்தனை பேர் என்று எடுக்கிற விவசாயச் சிப்பாய். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அனுப்பும்போது, மார்ச் ஒன்றாம் தேதி துப்பாக்கியோடு என் வாசலில் நிற்க வேண்டும், நிற்காதவனுக்குத் தூக்குக் கயிறு என்று கேப்டன் ரீட்ஸ் சொல்லித்தான் அனுப்பினார். ஸ்வீடன்காரனோடு சண்டை வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புல்லோ பாதிக்கு மேல் இன்னும் மலையில் இருக்கிறது. கோடையில் வெட்டிக் காயவைத்து மேலேயே கிடங்கில் அடைத்த புல். பனி இறுகிச் சறுக்கு வண்டியைத் தாங்குகிற இந்த மாதத்தில்தான் அதைக் கீழே இறக்க முடியும். இறக்காவிட்டால் ஏப்ரலில் மாடுகளுக்கு மரப்பட்டையும் பாசியும்தான், மே மாதத்தில் அதுவும் இல்லை. மூன்று பசு, ஒரு கிடாரி, ஏழு ஆடு. வீடு என்பதே அவைதான்.

போதகர் வீட்டுக்கு வெண்ணெய் கொடுக்க மறந்துவிட்டேன் என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டு ஓஸ்னெ வந்த வழியே திரும்பினாள். ராஜாவின் கிறுக்குத்தனம், கொஞ்ச நாளில் மாற்றிவிடுவார்கள் என்று போதகர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

போதகர் அடுப்படியில் அங்கியோடே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வானத்தைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் சாப்பாட்டை மறக்கிற மனுஷன். பாவம், இருபது வருஷமாக இந்த ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை.

"அய்யா, நாளை அழிக்க ராஜாவுக்கு அதிகாரம் இருக்கா?"

"ராஜா அழிக்கலம்மா. கணக்கு தப்பிப் போச்சு, திருத்தறாங்க. உக்காரு, உக்காரு." கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். மெழுகுவர்த்தியை மேசை நடுவில் இழுத்தார். ஓர் உருண்டை ஆட்டுப் பாலாடைக்கட்டியைக் கையில் எடுத்தார். "இது சூரியன். இது நாம."

"நாமன்னா?"

"நாமதான். நீ, நான், பெர்கே பண்ணை, கோபன்ஹேகன், கடல், எல்லாம் இதுக்கு மேல ஒட்டிக்கிட்டிருக்கோம்." பாலாடைக்கட்டி மெழுகுவர்த்தியை மெல்லச் சுற்றி வந்தது. "இப்படி ஒரு சுத்து முடிஞ்சா ஒரு வருஷம்."

ஓஸ்னெ மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சூரியன்ல நம்மளைச் சுத்துது?"

"அப்படித்தான் ரொம்பக் காலம் எல்லாரும் நெனச்சாங்க. கிரேக்க தேசத்துப் பெரியவங்க, பூமி நடுவுல அசையாம நிக்குது, வானம் அடுக்கடுக்கா அதைச் சுத்துதுன்னு கணக்கு எழுதி வெச்சாங்க. கணக்கு முக்கால்வாசி சரியாவே வந்துச்சு, அதான் கொடுமை. அப்புறம் பிரஷ்யாப் பக்கம் ஒரு திருச்சபைக்காரர் மாத்திச் சொன்னாரு. நம்ம டென்மார்க் பிரபு ஒருத்தர் தீவுல உக்காந்துக்கிட்டு வெறுங்கண்ணாலேயே நட்சத்திரத்தையெல்லாம் அளந்தாரு. இத்தாலியில ஒருத்தர் கண்ணாடி வெச்ச குழாய் வழியா வியாழனைப் பார்த்தாரு. பார்த்தா, அதைச் சுத்தி நாலு நிலா. எல்லாம் நம்மளையேதான் சுத்தணும்னு இல்லேன்னு அன்னிக்குத் தெரிஞ்சு போச்சு."

"நாம சுத்தினா தலை சுத்தாதாய்யா?"

"இப்ப உனக்குச் சுத்தலையா?"

"சுத்துது."

போதகர் சந்தோஷமாகச் சிரித்தார். "கேளு. ஒரு சுத்துக்கு முந்நூத்து அறுபத்தஞ்சு நாளும் ஒரு கால் நாளும் ஆகுதுன்னு ரோமாபுரியில சீசர் காலத்துல முடிவு பண்ணினாங்க. அந்தக் கால் நாளையெல்லாம் சேர்த்துத்தான் நாலு வருஷத்துக்கு ஒரு நாள் கூட்டிக்கறோம். ஆனா அது முழுசாக் கால் நாள் இல்ல. கொஞ்சம் குறைவு."

"எவ்வளவு?"

"நீ ஒரு பசுவைக் கறந்து முடிக்கிற நேரம்."

"இவ்வளவுதானா?"

"வருஷத்துக்கு ஒரு கறவை நேரம். அது சேர்ந்து சேர்ந்து நூத்து முப்பது வருஷத்துல முழுசா ஒரு நாளாயிடுது. நம்ம தேதி சூரியனை விட்டு நகர்ந்து நகர்ந்து இப்ப பதினொரு நாள் பின்னாடி நிக்குது. போப்பு ஊர்ல எப்பவோ திருத்திட்டாங்க. போப்பு சொன்னா மழை பெய்யறதைக்கூட, அவரை விட்டுப் பிரிஞ்ச நம்ம சபை ஆளுங்க நம்ப மாட்டாங்களே. அதான் இவ்வளவு தாமதம்."

 ஓஸ்னெ மெழுகுவர்த்தியைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்க மாட்டுக்கொட்டகைக் கதவு நிலையில ஒரு வெட்டு இருக்குய்யா. மலைக்குப் பின்னாடி போன சூரியன் ஜனவரியில பவுலடியார் நாளன்னிக்குத் திரும்பி வந்து அதுல விழணும்னு, முந்நூறு நானூறு வருஷம் முந்தி, பெரிய கொள்ளைநோய்க்கு முன்னாடி இருந்தவங்க வெட்டினதாம். இப்பல்லாம் மூணு நாள் முந்தியே விழுது. கொட்டகை சாய்ஞ்சுருச்சுன்னு என் மாமனார் அடியில கல்லைக் கொடுத்து நிமித்தினாரு."

போதகர் அவளையே பார்த்தார். "கொட்டகை சாயலம்மா."

"அப்ப இது நெசம்."

"நெசம்."

எந்தப் பதில் வரக் கூடாது என்று வந்தாளோ அதையே கேட்டுவிட்டாள். கொடுக்க வெண்ணெய் ஏதும் கொண்டு வரவில்லை என்பது வாசலைத் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவள் வீடு சேர்ந்தபோது தார்யே மலையிலிருந்து இறங்கியிருந்தான். தாடியில் தொங்கிய பனிக்கட்டியை அடுப்பு முன்னால் உட்கார்ந்து உருக்கிக்கொண்டிருந்தான். எதிர்ச் சுவரில் அவனுடைய நாள்கோல் தொங்கியது. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கீறல், திருநாளுக்குத் திருநாள் ஒரு சின்ன உருவம் செதுக்கிய நீளமான பலகை. அவன் தாத்தா செதுக்கியது. தேதி என்றால் அந்த வீட்டில் அதுதான்.

"கோயில்ல என்ன விசேஷம்?"

ஓஸ்னெ வாற்கோதுமைக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். "போதகர் நீளமாப் பேசினாரு."

"எதைப் பத்தி?"

"சூரியனைப் பத்தி."

"அதுக்கு என்ன வந்துச்சு இப்ப?"

"ஒண்ணுமில்ல. ஆறிப்போகுது, சாப்பிடு."

அவ்வளவுதான். ஒரு பொய்கூட இல்லை அதில். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் 'நாளைக்கு' என்று தள்ளுகிற பெண்பிள்ளைக்கு மறுநாளும் ஒரு 'நாளைக்கு' இருக்கத்தான் செய்கிறது.

மறுநாளிலிருந்து புல் வேலை. இருட்டில் எழுந்து மாடு கறந்து, தட்டை ரொட்டியும் உப்பு மீனும் துணியில் முடிந்துகொண்டு, காலில் சறுக்குக்கட்டை மாட்டி ஏற வேண்டும். வெறும் வண்டியை அவன் இழுப்பான், அவள் தள்ளுவாள். கிடங்குக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஜூலை மாதம் அப்படியே முகத்தில் அடிக்கும்; காய்ந்த பூவும் தேனும் புழுதியும் கலந்த வாசனை. தார்யே ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்வான். புல்லை வண்டியில் ஏற்றி, மேலே ஏறி மிதித்து, பிர்ச் மர விளாறில் முறுக்கிய கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். இறங்கும்போது அவன் முன்னால், ஏர்க்காலைத் தோளில் முட்டுக்கொடுத்துக்கொண்டு. அவள் பின்னால், வண்டி பாய்ந்துவிடாமல் இருக்க விறகுக்கட்டு கோத்த சங்கிலியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி. அவள் கை ஒரு தடவை நழுவினால் போதும், வண்டி அவன் முதுகின் மேல் ஏறிவிடும்.

"விட்டுராதடி!" என்று முன்னாலிருந்து கத்துவான்.

"விட்டாத்தான் என்ன, நீ போய்ச் சேர்ந்தா மார்கித்தோட கொழுந்தன் ரெண்டு மாட்டோட வரேங்கறான்!"

"ரெண்டு மாடா? அதுல ஒண்ணு மலடு!"

சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். சாயங்காலம் தார்யே கட்டைவிரலை நாள்கோலில் வைத்து அன்றைய கீறலைத் தடவுவான். "இன்னும் நாள் இருக்கு. முடிச்சுட்டுத்தான் போவேன்," என்பான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பதினெட்டாம் தேதி ஞாயிறு காலை, கோயிலுக்குப் போய் வரலாமா என்று அவனே கேட்டான்.

"மேகத்தைப் பாரு. பனி இளகிருச்சுன்னா புல்லு மேலேயேதான்."

"நீ எப்பலேர்ந்துடி மேகம் படிக்க ஆரம்பிச்ச?" என்றான். ஆனாலும் அவள் சொன்னதைக் கேட்டான். எப்போதும் கேட்கிறவன்தான்.

திங்கட்கிழமை விடிந்தது. மாடுகள் எப்போதும்போலக் கத்தின. கோழி கூவியது. ஓஸ்னெ கறவைக் குவளையோடு கொட்டகை வாசலில் நின்றாள். கீழே பள்ளத்தாக்கில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் இன்றைக்கு மார்ச் ஒன்று. இந்த ஒரு வீட்டில் மட்டும் பிப்ரவரி. உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு நாளுக்குள் தானும் தார்யேயும் ஏழு ஆடும் நின்றுகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. இன்றைக்குச் சொல்லிவிட்டால்கூடப் பிரம்படியோடு போகும். மேலே நாலு சுமை பாக்கி.

கிடங்கு வாசலில் ஒருமுறை வாயைத் திறந்தேவிட்டாள். "தார்யே, ஒண்ணு சொல்லணும்."

"என்ன?" புல்லுக்குள்ளிருந்து தலையைத் தூக்கினான். புருவத்தில் ஒரு காய்ந்த க்ளோவர் பூ ஒட்டிக்கொண்டிருந்தது.

"கயிறு நைஞ்சு போச்சு. வேற முறுக்கணும்."

புனித பேதுரு நாளன்று, நாள்கோலில் சாவி உருவம் செதுக்கியிருக்கிற இடம், கடைசிச் சுமையை முற்றத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சரிவில் மூன்று பேர் சறுக்குக்கட்டையில் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவன் பக்கத்துப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த கார்ப்பரல். தார்யேக்குத் தெரிந்தவன்.

"வா வா! மோர்த்தண்ணி குடிக்கறியா? என்ன இந்தப் பக்கம்?"

கார்ப்பரல் சிரிக்கவில்லை. "துப்பாக்கியை எடுத்துக்கிட்டு வா தார்யே. கையைக் கட்டச் சொல்லியிருக்காங்க. நீயே வந்தின்னா கட்டலை."

"எதுக்கு?"

"எதுக்கா? ஒண்ணாந்தேதி எல்லாரும் வந்தாச்சு. இன்னிக்குத் தேதி நாலு. ஓடிப்போனவன்னு உன் பேரை எழுதியாச்சு."

தார்யே வாய்விட்டுச் சிரித்தான். கூட வந்த இரண்டு பேரையும் பார்த்தான், அவர்களும் சிரிக்கவில்லை. அவனுடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து இறங்கியது. "குடிச்சிருக்கியா? இன்னிக்கு பேதுரு நாள்! பிப்ரவரி இருபத்திரண்டு! ஏய், உள்ள வந்து பாரு நீயே!"

ஓடிப்போய் நாள்கோலைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தான். கட்டைவிரல் சாவியின் மேல் இருந்தது.  "இந்தா. இந்தா பாரு. ஒரு நாள் விடாம தடவிக்கிட்டு வரேன்."

"பதினொரு நாளை ராஜா எடுத்துட்டாருப்பா. கோயில்ல வாசிச்சாங்களே."

"நாளை எடுத்துட்டாரா? எங்க எடுத்துக்கிட்டுப் போனாரு? யாரும் சொல்லலையே!" தார்யே திரும்பி ஓஸ்னெயைப் பார்த்தான். சந்தேகத்தோடு பார்க்கவில்லை. நீயாவது இவனுக்குச் சொல்லேன் என்கிற பார்வை. அதுதான் அவளைக் கொன்றது. 

கேப்டன் ரீட்ஸுக்குச் சளி. தோளில் போர்வையோடு, இரண்டு காலையும் வெந்நீர்த் தொட்டியில் விட்டுக்கொண்டு தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒருத்தனைத் தூக்கில் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற மனுஷன் அப்படிக் காலை ஊறப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஓஸ்னெக்குச் சகிக்கவில்லை. போதகரையும் வரவழைத்திருந்தார்கள். தார்யே நடுவில் நின்றான். கையில் இன்னும் அந்த நாள்கோல்.

"ஆணையை வாசிச்சீங்களா போதகரே?"

"வாசிச்சேன்."

"இவன் இருந்தானா?"

"இல்ல. மலையில இருந்தான்."

"அந்த வீட்லேர்ந்து வேற யாரு வந்தாங்க?"

போதகர் ஓஸ்னெயைப் பார்த்தார், உடனே பார்வையை விலக்கிக்கொண்டார். "சம்சாரம் வந்திருந்தா. ஆனா இதெல்லாம் நம்ம சனங்களுக்குப் புரியற விஷயமில்லீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் விளங்கியிருக்காது."

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன பொய். நல்ல மனுஷன்.

கேப்டன் மூக்கைச் சிந்தினார். "விளங்கிச்சா இல்லையான்னு சட்டம் கேக்கல. ஒரு வீட்ல ஒருத்தர் காதுல விழுந்தா வீட்டுக்கே விழுந்த மாதிரி. எல்லையில ஸ்வீடன்காரன் நிக்கறான். முதல் வாரமே ஒருத்தன் பலகையைக் காட்டித் தப்பிச்சான்னா நாளைக்கு நூறு பேரு பலகையோட வருவாங்க." கோபமே இல்லாமல் களைப்பாகச் சொன்னார். "கயிறுதான். வேற வழியில்ல."

 சொன்னது காதில் ஏறாதவன்போலத் தார்யே கேப்டனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு விளங்கிச்சு," என்றாள் ஓஸ்னெ.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எல்லாம் விளங்கிச்சு எசமான். தெரிஞ்சேதான் இவருகிட்ட மறைச்சேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது. கயிறு போடறதா இருந்தா எனக்குப் போடுங்க."

"எந்தப் பொண்டாட்டியும் இந்த இடத்துல இதைத்தான் சொல்லுவா," என்றார் கேப்டன். "என் சார்ஜன்ட்டுங்களுக்கே ரெண்டு தடவை சொல்லி ஏறல. உனக்கு விளங்கிச்சாக்கும்? என்ன விளங்கிச்சு? சொல்லு பார்ப்போம்."

ஓஸ்னெ மேசையருகே போனாள். அங்கே எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை நடுவுக்கு நகர்த்தினாள். கையை முட்டியாக மடக்கினாள். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இது சூரியன். இது நாம. நாமதான் சுத்தறோம், அது சுத்தல. இப்படி ஒரு சுத்து வந்தா வருஷம். அது முந்நூத்து அறுபத்தஞ்சு நாளும் கால் நாளும்னு அந்தக் காலத்து ரோமாபுரிப் போப்பு சீசர் சொன்னாரு."

"சீசர் போப்பு இல்ல."

"யாரோ ஒருத்தர். அவரு சொன்னது தப்பு. கால் நாள்ல ஒரு கறவை நேரம் குறையுது. வருஷா வருஷம் குறைஞ்சு குறைஞ்சு தேதி சூரியனை விட்டுத் தள்ளிப் போச்சு. எங்க கொட்டகை வெட்டுலயே மூணு நாள் தள்ளிப் போயிருக்கு, நானே கண்ணால பார்த்தேன். கொட்டகை சாயல. அதனால ராஜா நாளைத் திருடல. இல்லாத நாளைத்தான் நாம இத்தனை காலமா இருக்குன்னு எண்ணிக்கிட்டிருந்தோம். போதகர் சொன்னப்பவே நெசம்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் வீட்டுக்குப் போய்ச் சொல்லல." முட்டியைத் தாழ்த்தினாள். "போதகரய்யா என் மேல இரக்கப்பட்டுப் பொய் சொல்றாரு. அவரு வீட்டு அடுப்படியில ஒரு பாலாடைக்கட்டியை வெச்சு எனக்குச் சொல்லிக் கொடுத்தாரு."

போதகர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன் மறைச்ச?" என்றார் கேப்டன்.

"புல்லு மலையில இருந்துச்சு. மாடு செத்துரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம், இவரைச் சண்டைக்கு அனுப்ப எனக்கு மனசு வரல."

 கேப்டன் அவளையும் மெழுகுவர்த்தியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள் கொடுமைக்காரர் இல்லை. ஒரு கயிறு மிச்சமானால் ஒரு சிப்பாய் மிச்சம் என்கிற கணக்கும் அவருக்குத் தெரியும்.

"பொய் சொல்றவளுக்கு இவ்வளவு சுத்திக் காட்டத் தெரியாது," என்றார் கடைசியில். "இவன் ஓடிப்போனவன் இல்ல, ஏமாத்தப்பட்டவன். தாமதத்துக்குத் தண்டனையா ஒரு நாள் கூர்முதுகு மரக்குதிரையில உக்காரட்டும், அப்புறம் படையோட கிளம்பட்டும். நீ வர ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல இருக்கற இரும்புக் கழுத்து வளையத்துல மாட்டி நிக்கணும். ஊரே பார்க்கட்டும்." பிறகு உள்பக்கம் திரும்பி, "வெந்நீர் கொண்டு வாங்கடா, ஆறிப்போச்சு," என்றார்.

 கயிறு இல்லை. ஓஸ்னெக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. பிறகுதான் தார்யேயின் முகத்தைப் பார்த்தாள். கயிறு என்றபோது இல்லாத அதிர்ச்சி இப்போது அதில் இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவள் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தலை குனிந்துகொண்டாள்.

இரண்டு பேரையும் முற்றத்தில் இறக்கிவிட்டார்கள். பனித்தூள் விழ ஆரம்பித்திருந்தது. கார்ப்பரல் நல்லவன், துப்பாக்கியைச் சரிபார்க்கிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றான். கேப்டன் ஈரக் காலில் மரச்செருப்பை மாட்டிக்கொண்டு, போர்வையோடு வாசற்படிக்கு வந்து நின்றார்.

"என்னை மன்னிச்சுடு," என்றாள் ஓஸ்னெ. "நான் சொல்லியிருந்தேன்னா நீ நேரத்துக்கு வந்து நின்னிருப்ப. இவ்வளவும் என்னாலதான்."

தார்யே கிட்டே வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் அவள் காதருகே குனிந்தான்.

"வந்திருக்க மாட்டேன்."

"என்ன?"

"நீ சொல்லியிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன் ஓஸ்னெ. பாதிப் புல்லை மேல விட்டுட்டு, உன்னைத் தனியா விட்டுட்டு எப்படி வருவேன்? தெரிஞ்சேதான் இருந்திருப்பேன். ராஜாவே வந்து கூப்பிட்டாலும்."

 தெரிந்தே இருந்திருப்பான். யார் கேட்டாலும் ஆமாம், தெரிந்தேதான் இருந்தேன் என்று சொல்லியும் இருப்பான். பொய் வராத வாய் அது. அவள் அன்றைக்குக் கஞ்சி ஊற்றும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்நேரம் இந்த முற்றத்தில் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும்.

அவனோ வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசத் தெரியாதவன். கண்ணில் நீர் வழிய, பாதி சிரிப்போடு, இன்னும் உரக்க ஆரம்பித்தான்: "சத்தியமா சொல்றேன், தெரிஞ்சிருந்தாலும் நான்..."

ஓஸ்னெ உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள். பற்கள் கையில் குத்துகிற அளவுக்கு அழுத்தினாள்.

"என்ன சொல்றான் அவன்?" என்று வாசற்படியிலிருந்து கேப்டன் கேட்டார்.

"கையுறையை வீட்லயே விட்டுட்டு வந்துட்டாராம் எசமான்," என்றாள் ஓஸ்னெ. அவன் வாய் அடங்கிய பிறகே கையை எடுத்தாள்; தன் கம்பளிக் கையுறைகளைப் பல்லால் இழுத்துக் கழற்றி அவன் கைகளில் மாட்டினாள். அவனுடைய பெரிய கைகளில் அவை பாதிவரைதான் ஏறின.